குளிரறையின் உள்பக்கக் குமிழ்

குளிரறைக் கதவு சரியாகச் சாத்தினால் இரண்டு சத்தம் கேட்க வேண்டும். முதலில் 'தொப்' என்று ஒன்று. அது கதவின் ஓரத்து ரப்பர் சட்டத்தில் படியும் சத்தம். ஒரு விநாடி கழித்து 'உஸ்' என்று மற்றது. கதவு திறந்திருந்தபோது உள்ளே புகுந்த சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கதவு இன்னும் ஒரு மயிரிழை உள்ளே இழுபடும். இரண்டும் கேட்டால் ரப்பரில் பழுதில்லை, கதவு கோணவில்லை என்று அர்த்தம். புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினொரு ஆண்டுகள் பராமரிப்பு வேலை செய்தவன் நான். அந்த இரண்டு சத்தமும் கேட்டால்தான் எனக்கு மனம் ஆறும்.

அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு இரண்டும் அச்சொட்டாகக் கேட்டன. நானும் மீன்கடை வின்சன்டும் கதவுக்கு உள்பக்கம் நின்றோம்.

இடம், லாசால் என்ற பகுதியில் எங்கள் கடைத்தெருவின் பின்பக்க வாகனத் தரிப்பிடம். தெருவின் முன்பக்கத்தைக் கோடைச் சந்தைக்காக மூன்று நாட்கள் வாகனம் போகாமல் அடைத்திருந்தார்கள். கூடாரங்கள், கோழி சுடும் புகை, ஒலிபெருக்கியில் யாரோ அக்கோர்டியன் வாசிக்கும் சத்தம். வெளியே முப்பத்திரண்டு பாகை. நான் அரைக்கை பெனியனும் செருப்பும் போட்டிருந்தேன். வின்சன்டும் அப்படித்தான். உள்ளே மைனஸ் பதினெட்டு.

சந்தைக்கென்று இந்தக் குளிரறையை ஆறு கடைகள் சேர்ந்து எடுத்திருந்தோம். என் மரக்கறிக் கடை, வின்சன்டின் மீன்கடை, சிவாஜினியின் சிற்றுண்டிக் கடை, ரொட்டி சுடும் ஓர் அல்ஜீரிய வெதுப்பகம், ஓர் இறைச்சிக் கடை, மதாம் ஜினெத்தின் சப்பாத்துத் தைக்கும் கடை. சப்பாத்துக் கடைக்குக் குளிரறை எதற்கு என்று கேட்கலாம். அந்த வரிசையில் உள்ள எல்லாக் கடைகளும் கையெழுத்து வைத்தால்தான் தரிப்பிடத்தில் குளிரறையை வைக்கலாம் என்பது நகர நிர்வாகம் போட்ட நிபந்தனை. முதல் கூட்டத்தில் மதாம் ஜினெத், தான் சப்பாத்துகளை உறைய வைப்பதில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

"மனுசி ஏன் வந்து இருக்கிறா? பூட்ஸை ஐஸிலை போட்டு விக்கப் போறாவோ?" என்று அன்று வின்சன்ட் என் காதுக்குள் கேட்டான். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நாங்கள் கதவுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துத் திறந்து விட்டபடிதான் உள்ளே போய் வந்தோம். சனிக்கிழமை வெக்கை தாங்கவில்லை. வின்சன்ட் கால் பெருவிரலால் கூடையை உள்ளே இழுத்துவிட்டான்.

"குளிர் எல்லாம் வெளியாலை ஓடுது அண்ணை. ரெண்டு நிமிசம் சாத்தி வைச்சால் என்ன?"

"சாத்தும்," என்றேன்.

எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் மனிதர் நுழையும் எந்தக் குளிரறையையும் உள்ளிருந்து திறக்க முடியும். கதவின் உள்பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு சிறு கிண்ணம் அளவான பச்சைக் குமிழ் இருக்கும். இருட்டில் ஒளிரும். அதன் பின்னால் ஓர் இரும்புத் தண்டு, கதவின் தடிப்பு முழுவதையும் ஊடுருவி வெளியே உள்ள தாழ்வரை போகும். குமிழைக் கதவை நோக்கி இரண்டு விரல் அகலத்துக்கு அழுத்தினால் தண்டு தாழைத் தள்ளும், கதவு திறக்கும். வெளியே யாராவது ஆமைப்பூட்டுப் போட்டிருந்தாலும் திறக்கும். மின்சாரம் வேண்டாம், சாவி வேண்டாம். இவ்வளவு எளிமையான பொறியை நான் வேறு அதிகம் கண்டதில்லை.

வின்சன்ட் ஓர் அறக்குளா மீனைத் தோளில் வைத்துக்கொண்டு குமிழை அழுத்தினான். பிறகு மீனை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினான்.

"அண்ணை, இது போகுதில்லை."

"தள்ளும். இழுக்கிறேல்லை."

"தள்ளத்தான் தள்ளுறன். சுவரைத் தள்ளுற மாதிரிக் கிடக்கு."

நான் போய்ப் பார்த்தேன். குமிழுக்கும் கதவுக்கும் இடையில், தண்டைச் சுற்றி, ஒரு மஞ்சள் துணி நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. துணி கல்லாக இருந்தது. குமிழ் உள்ளே போக வேண்டிய இரண்டு விரல் இடத்தில் அந்தக் கல் உட்கார்ந்திருந்தது.

அதைக் கட்டியவன் நான்.

வியாழக்கிழமை குளிரறை வந்து இறங்கியதும் என் மனைவி கௌரி, பூசை செய்யாமல் அந்தப் பெட்டிக்குள் தன்னுடைய சாமான் எதையும் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாணயத்தை, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து தந்தாள். வெளியே கட்டினால் வெள்ளிக்கிழமை காலையில் வரும் பரிசோதகர் இது என்ன என்று கேட்பார். உள்ளே சுவரெல்லாம் வழுவழுத்த தகரம். ஆணி அடிக்கக் கூடாது. ஒரு நூல் சுற்றக்கூடிய கழுத்து உள்ள ஒரே பொருள் அந்தக் குமிழ்தான். நான் ஒன்றும் பரிசோதிக்காமல் விட்டவன் அல்ல. கட்டி முடித்ததும் குமிழை அழுத்திப் பார்த்தேன். துணி பஞ்சு போல் நசுங்கியது, குமிழ் உள்ளே போனது, கதவு திறந்தது. பரிசோதகரும் காலையில் குமிழ் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் நான் அழுத்திப் பார்த்தபோது இயந்திரத்தை இன்னும் முடுக்கவில்லை. அறைக்குள் இருபத்தேழு பாகை.

"வின்சன்ட், உம்மடை போன் எங்கை?"

அவன் எடுத்தான். தொடர்பு இல்லை. இருபுறமும் தகரம், நடுவில் நாலு அங்குல நுரை. அலை எதுவும் நுழையாது. என் கைப்பேசி கௌரியிடம் இருந்தது. எங்கள் கூடாரத்தில் வாடிக்கையாளரின் வங்கி அட்டைகளைத் தேய்ப்பது அதில்தான்.

இருவரும் கதவைத் தட்டினோம், கத்தினோம். அந்த நுரை குளிரை வைத்திருப்பது போலவே சத்தத்தையும் வைத்திருக்கும். வெளியிலிருந்து அக்கோர்டியனே எங்களுக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் எங்கள் குரல் யாருக்குக் கேட்கும்?

"காத்து முடிஞ்சு போகுமோ அண்ணை?"

"இல்லை. ரெண்டு பேருக்கு நாளைக்கு விடியும்வரை காணும்."

உண்மையைத்தான் சொன்னேன். எனக்குப் பயம் காற்றைப் பற்றியது அல்ல. மாசி மாதத்தில் வின்சன்டின் இதயக் குழாயில் அடைப்பை விரித்து வைக்க ஒரு வலைக்குழல் வைத்திருந்தார்கள். குளிர் பட்டால் உடம்பு தோலிலுள்ள இரத்தக் குழாய்களை இறுக்கி, சூட்டை உள்ளே ஒதுக்கும். குழாய்கள் இறுகினால் இரத்த அழுத்தம் ஏறும். இதயம் கூட வேலை செய்ய வேண்டும். நாங்கள் இருவரும் வியர்வையில் நனைந்து வந்தவர்கள். ஈரத்துணி உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். நல்ல இதயம் உள்ளவன் இந்த உடுப்போடு ஓரிரு மணித்தியாலம் தாங்குவான். வின்சன்ட் எவ்வளவு தாங்குவான் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடிக்கும் அவனுடைய மருந்து மீன்கடைக் கூடாரத்தில், மேலங்கிப் பையில் இருந்தது.

"பெட்டியளைக் கிழியும்," என்றேன். "மட்டையிலை ஏறி நில்லும்."

மீன் வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்தோம். காலுக்கு இரண்டு மடிப்பு, முதுகுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. இன்னொரு பெரிய மட்டையால் கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த விசிறியின் வாயை மூடினேன். காற்று வீசுவது நின்றது. குளிர் நிற்கவில்லை.

வின்சன்ட் அறக்குளாவை வாலில் பிடித்துத் தூக்கினான். உறைந்த மீன் உலக்கை மாதிரி. முடிச்சின் மேல் ஓங்கி அடித்தான். இரண்டு சிறு பனித்துண்டுகள் தெறித்தன. மீண்டும் அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"ஐஸ்தானே, ஏன் உடையுதில்லை?"

"வெறும் ஐஸ் எண்டால் உடையும். உள்ளுக்கை நூல் கிடக்கு. கொங்கிறீட்டுக்குள்ளை கம்பி கிடக்கிற மாதிரி. வெடிச்சாலும் நூல் பிடிச்சு வைச்சிருக்கும்."

"நல்ல விளக்கம். நன்றி."

அவன் மூன்றாவது அடிக்கு ஓங்கினான். மீன் முடிச்சில் படாமல் குமிழில் பட்டது. பச்சைப் பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் ஓடியது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குமிழ் உடைந்து விழுந்தால், துணியை எடுத்தாலும் தள்ளுவதற்கு ஒன்றும் இராது. அவன் மூச்சு வாங்கினான். அந்த மூச்சு வெள்ளையாக வந்து, அவனுடைய மீசையில் படிந்து உறைந்தது.

"நெஞ்சு எப்பிடி இருக்கு?"

"இருக்கு," என்றான். அவன் இடது கையை மட்டைக்குள் விட்டு நெஞ்சைத் தடவுவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் விளக்கு அணைந்தது.

குளிரறை விளக்கின் ஆளி, அதாவது சுவிட்ச், வெளியேதான் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். உள்ளே விளக்கு எரிகிறது என்று வெளியே போகிறவர் அறிய. அதற்குக் கீழே நான்தான் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தேன்: 'விளக்கு எரிந்தால் தயவுசெய்து அணைக்கவும்.' யாரோ அந்த வழியாக வந்து, சிவப்புப் பொட்டைக் கண்டு, எழுதியிருந்ததை வாசித்து, நல்ல மனதோடு அணைத்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கும் அவருக்கும் இடையில் நாலு அங்குலம்.

நான் கதவில் மோதினேன். தோளால், முழங்கையால், அறக்குளாவால். வின்சன்ட் யாருடைய பெயர் என்று தெரியாமல் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டான். பிறகு இருவரும் நிறுத்திக் காதைத் தகரத்தில் வைத்தோம். காது ஒட்டிக்கொண்டது. வெளியே ஒன்றும் இல்லை. என் காதைப் பிய்த்து எடுக்கும்போது எரிந்தது. எரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இருட்டில் பச்சைக் குமிழ் மட்டும் ஒளிர்ந்தது. அதில் கீறலும் தெரிந்தது.

வின்சன்ட் கைப்பேசி விளக்கைப் போட்டான். நாற்பது சதவீதம் மின்னூட்டம் இருந்தது. குளிரில் மின்கலத்துக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிவிடும். நாற்பது என்று காட்டினாலும் எந்த நேரமும் செத்துப்போகும். அவனுக்கு இதைச் சொல்லவில்லை. அந்த வெளிச்சம் இருக்கும்போதே அறையைச் சுற்றிப் பார்த்தேன். பின்சுவரில் ஒரு மெல்லிய கம்பி தொங்கியது. அதன் நுனியில் சுண்டுவிரல் அளவான உலோகக் குழல்.

வெப்பமானி.

அந்தக் கம்பி சுவரின் துளை வழியாக வெளியே ஒரு சிறு பெட்டிக்குப் போகிறது. உள்ளே வெப்பம் மைனஸ் பத்துக்கு மேல் ஏறினால் அந்தப் பெட்டி ஆறு கடைக்காரரின் கைப்பேசிக்கும் ஓர் எச்சரிக்கை அனுப்பும். யாராவது போய்க் கதவைப் பார்க்க வேண்டும். கூட்டாகப் பொருள் வைத்திருப்பதன் அழகே அது என்று கூட்டத்தில் நான்தான் கைகாட்டிக் கைகாட்டி விளக்கினேன். ஆனால் வெள்ளிக்கிழமை கதவு திறந்தபடியே கிடந்ததால் பதினாலு எச்சரிக்கை போய்விட்டது. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். வெப்பம் ஐந்து நிமிடம் தொடர்ந்து ஏறி இருந்தால் மட்டும் அனுப்பும்படி அன்று பின்னேரமே மாற்றினேன். ஒரு தடவை அனுப்பினால், வெப்பம் மீண்டும் மைனஸ் பதினைந்துக்குக் கீழே இறங்கும்வரை அடுத்ததை அனுப்பாது.

நான் குழலைக் கைக்குள் பொத்தி ஊதினேன். சூடேறியதும் வின்சன்டிடம் கொடுத்தேன். குழலைப் பிடித்த என் விரல்கள் மரத்திருந்தன.

"கமக்கட்டுக்குள்ளை வையும். நெருக்கிப் பிடியும்."

"எனக்குக் காய்ச்சலோ எண்டு பாக்கிறியளோ?"

"ஐஞ்சு நிமிசம் அசையக் கூடாது. மெசேஜ் போகும்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

"அப்ப ஒருத்தரும் வராயினம்," என்றான் வின்சன்ட். "வெள்ளிக்கிழமை எனக்கு வந்த பதினாலையும் நான் பாக்கேல்லை. கிருபா அண்ணை, நீங்கள் பாப்பியள் எண்டு விட்டிட்டன்."

எனக்கும் அதேதான் தோன்றியது. கௌரியின் கையில் என் கைப்பேசி. அட்டை தேய்க்கும் திரையின் மேல் எச்சரிக்கை வந்து விழும். அவள் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, முருங்கைக்காய் நிறுப்பாள். அல்ஜீரியக்காரர் மீன்காரன் பார்ப்பான் என்று நினைப்பார். சிவாஜினி நான் பார்ப்பேன் என்று நினைப்பாள். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் சொன்னால் ஒருவருக்கும் சொல்லாத மாதிரி ஆகிவிடும் என்பதை, இதையெல்லாம் வடிவமைத்தபோது நான் யோசிக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் கைப்பேசி செத்துவிட்டது.

"இனி எப்பிடி ஐஞ்சு நிமிசம் பாக்கிறது?" என்றேன்.

"செபமாலையிலை ரெண்டு பத்து," என்றான் வின்சன்ட். "என்ரை மனுசி அக்னெஸ் குசினியிலை முட்டை அவிக்கிறது அப்பிடித்தான்."

சொல்லத் தொடங்கினான். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவில் அருள்நிறைந்த மரியே என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். மடக்கிய விரலை நிமிர்த்த முடியவில்லை. இரண்டு பத்து முடிந்தது. எச்சரிக்கை போயிருக்கும். கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலும் ஒரு பத்துச் சொன்னான். ஒருவரும் வரவில்லை.

நான் குழலை வாங்கி உறைந்த மீன்களுக்கு நடுவில் செருகினேன். அது குளிர்ந்தால்தான் அடுத்ததை அனுப்பலாம். அந்த நேரத்தில் என் மூளை போக வேண்டிய வழியை விட்டு வேறு வழியில் போனது. முடிச்சில் தண்ணீர் எப்படி வந்தது? நான் மஞ்சள் துணியைப் பிழிந்து, கடையில் விசிறிக்கு முன்னால் காயப்போட்டுத்தான் கட்டினேன். உலர்ந்த துணி எந்தக் குளிரிலும் கல்லாகாது. காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிந்தாலும் இரண்டு நாளில் இவ்வளவு வராது.

"நான் காய வைச்சுத்தானே கட்டினனான்," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இருட்டில் வின்சன்ட் செருமினான்.

"அண்ணை. வியாழக்கிழமை பின்னேரம் நீங்கள் வீட்டை போனாப்பிறகு நான் வந்தனான்."

"ஏன்?"

"அக்னெஸ் கோயிலிலை இருந்து தீர்த்தம் ஒரு போத்தில் தந்துவிட்டவ. நாலு மூலைக்கும் தெளிச்சன். போத்திலிலை பாதி மிஞ்சிப்போச்சு. தீர்த்தத்தை நிலத்திலை ஊத்தேலாது. உங்கடை துணி அதிலை தொங்கிச்சுது. உங்கடை சாமிக்கும் சேத்து எண்டு ஊத்திப்போட்டன்."

உலர்ந்த துணி மட்டும் என்றால் நசுங்கும். வெறும் தண்ணீர் மட்டும் என்றால் வழிந்துவிடும். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் சரியாகச் சேர்த்துச் செய்திருந்தோம்.

"என்ரை மனுசியும் உம்மடை மனுசியும் வெளியாலை வியாபாரம் பாக்கினம்," என்றேன்.

வின்சன்ட் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபோது அவன் உட்கார்ந்துவிட்டான். மட்டை சரியும் சத்தம் கேட்டது.

"எழும்பும்."

"கொஞ்சம் இருக்கிறன்."

"நிலம்தான் கூடக் குளிர். எழும்பும் வின்சன்ட்."

அவனை என்னால் தூக்க முடியவில்லை. ஒரு பெட்டி மீனுக்கு மேல் மட்டையைப் போட்டு அதில் இருத்தினேன். அவனுக்கு முன்னால் நின்று, என் வயிற்றோடு அவன் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். குழலை இம்முறை என் கமக்கட்டுக்குள் வைத்தேன். உலோகம் தோலைக் கடித்தது. அவன் சொல்ல வேண்டும், நான் எண்ண வேண்டும். முதல் பத்தில் ஏழாவதில் அவன் குரல் நின்றது.

நான் காத்திருந்தேன். விசிறி மட்டைக்குப் பின்னால் உறுமியது.

"வின்சன்ட்."

கையை அவன் கழுத்தில் வைத்தேன். என் விரலில் உணர்ச்சி இல்லாததால் அங்கே துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்த எந்த விளக்கமும் உதவவில்லை. அக்னெஸிடம் போய் என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் தெரியாமல் நின்றது.

"இருக்கிறன் அண்ணை," என்றான். "எண்ணிக்கை விட்டுப்போச்சு. திரும்பத் தொடங்கட்டோ?"

"நான் சொல்லுறன். நீர் பிழை திருத்தும்."

அந்தச் செபத்தை எனக்குப் பாதிதான் தெரியும். கடைக்கு வரும் அம்மாக்கள் வரிசையில் நின்று முணுமுணுத்துக் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அவன் இடையிடையே ஒரு சொல்லைத் தந்தான். இரண்டாவது எச்சரிக்கை போயிருக்க வேண்டும். குழலை மீனுக்குள் வைத்தேன். எடுத்தேன். ஊதினேன். மீண்டும் கமக்கட்டு. மூன்றாவது தடவை எனக்கே நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்கச் செய்யும் வேலை. அது நிற்பது நல்லதல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நித்திரை வந்தது.

'உஸ்' என்ற சத்தம் கேட்டது. பிறகு 'தொப்'. தலைகீழாகக் கேட்டது.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கதவில் தோல் முன்னாடை கட்டிய மதாம் ஜினெத் நின்றாள். ஒரு கையில் கைப்பேசி, மற்றக் கையில் பாதி தைத்த ஒரு பெண்ணின் சப்பாத்து. சப்பாத்தைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். வின்சன்டின் கமக்கட்டுகளுக்குள் கையைக் கொடுத்து, அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வெளியே இழுத்தோம்.

தரிப்பிடத்துத் தார் சுட்டது. அந்தச் சூட்டில் வின்சன்ட் மல்லாக்காகக் கிடந்தான். ஜினெத் அம்புலன்ஸுக்கு அழைத்தாள். நான் மீன்கடைக் கூடாரத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்று நினைத்தேன், கால் பின்னியது. அக்னெஸ் மருந்தோடு என்னை முந்திக்கொண்டு போனாள். நாக்குக்குக் கீழே ஒரு தடவை அடித்தாள். அவன் முகத்தின் சாம்பல் நிறம் மெதுவாகக் கலைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூன்று தடவை வந்தது," என்றாள் ஜினெத் பிரெஞ்சில், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி. "முதல் தடவை நீங்கள் யாராவது பார்ப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை எண்ணைப் பார்த்தேன். முப்பத்தைந்து. வெளியிலேயே முப்பத்திரண்டு. தெருவை விடச் சூடான குளிர்சாதனம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் கழித்து எச்சரிக்கையைத் தொட்டுத் திறந்து பார்த்தால் மைனஸ் பதினாறு. பிறகு மறுபடி முப்பத்தைந்தரை." சப்பாத்துத் தைக்கும் அவளுடைய விரல் திரையைத் தட்டியது. "இது இயந்திரத்துக்கு வருகிற எண் இல்லை. என் பேரனின் கமக்கட்டில் வைத்தால் வருகிற எண்."

எச்சரிக்கையில் வெப்பமும் வரும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த எண்ணை ஆறு பேரில் ஒருத்திதான் வாசித்திருந்தாள். அவளுக்கு உள்ளே ஒரு பொருளும் இல்லை.

அம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றார்கள். சிவாஜினி அழுதுகொண்டு வந்தாள். விளக்கை அணைத்தவள் அவள்தான். வின்சன்ட் படுக்கையில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, நான் வாறதுக்கிடையிலை அந்தத் துணியை எறிஞ்சு போடாதையுங்கோ. நாணயம் உள்ளுக்கை கிடக்கு. தீர்த்தமும் கிடக்கு."

ஜினெத்தின் தோல் வெட்டும் கத்தியால் முடிச்சை அறுத்தேன். நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. துணியை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கௌரியிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கீறிய குமிழுக்குப் பதிலாகப் புதிய குமிழை அல்ஜீரியக்காரரின் வான் வண்டியில் போய் வாங்கி வந்து பூட்டினேன்.

பூட்டினால் போதாது. வியாழக்கிழமை நான் செய்த பிழை அதுதான். சூட்டில் வேலை செய்தது குளிரிலும் வேலை செய்யும் என்று நம்பினேன். புதிய குமிழை இரண்டு மணித்தியாலம் உறைய விட்டேன். பிறகு அதைச் சோதிக்க ஒரே ஒரு முறைதான் உண்டு. உள்ளே போய், கதவைச் சாத்தி, அழுத்த வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஜினெத் வெளியே தாழில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் குளிர்ச்சட்டை போட்டிருந்தேன். இருந்தும் வாசற்படியில் கால் எழும்பவில்லை. அவள் தாழை விடாமல் காத்திருந்தாள்.

உள்ளே போனேன். கதவு வந்தது. தொப். பிறகு உஸ்.

குமிழ் கண்ணுக்கு முன்னால் பச்சையாக இருந்தது. கை போகவில்லை. கதவுக்கு வெளியே ஒரு பெண் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தண்டு எப்படித் தாழைத் தள்ளும் என்று தெரியும். இவ்வளவு தெரிந்தும் கை அசையவில்லை. பாதி மட்டும் தெரிந்த அந்தச் செபத்தில் மூன்று வரி சொன்னேன். நாலாவது வரியில் தட்டுப்பட்டது. சொல் எடுத்துத் தர ஆள் இல்லை.

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். குமிழ் இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே போனது. வெக்கை முகத்தில் அடித்தது.

"இன்னும் ஒரு தடவை," என்றேன் ஜினெத்திடம்.

அவள் கதவைச் சாத்தினாள்.